மணலுக்குள் போன மீனும் ஓடைப்பட்டித் தேங்காயும்

1. சிறுத்தை ஓடிப்போச்சு

“ஏத்தா ஈஸ்வரி, நீ கொண்டாந்து விட்ட சிறுத்தை ஓடிப்போச்சுத்தா.”

வியாழக்கிழமை மத்தியானம், கடையின் பின்பக்கம் சோற்று டப்பாவைத் திறந்த நேரத்தில் வந்த போன் இது. கவுன்டரில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்டு, கேட்ட கப்பி மீனைக்கூட வாங்காமல் வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். தேனி மாவட்டத்தில் அது விளையாட்டுச் செய்தி இல்லை.

“அண்ணே, அது எங்கயும் ஓடாது. தொட்டிக்குள்ளதேன் இருக்கும்,” என்றேன்.

“நாலு பக்கமும் கண்ணாடி. இந்தப் பக்கம் நின்னு பாத்தா அந்தப் பக்கம் நிக்கிற பெயின்டர் மூஞ்சி தெரியுது. அதுக்குள்ள எங்கனத்தா ஒளியும்?”

பேசியவர் தங்கமாயன் அண்ணன். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். கொச்சியில் ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் ஹாலில் அதேபோல் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீடு குடிபோகிற நாளில் ஊரே வந்து அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. காணாமல் போனதாக அவர் சொன்ன சிறுத்தை மூன்று அங்குல நீளமுள்ள ஒரு மீன். எங்கள் தொழிலில் அதற்கு லெப்பர்டு ராஸ் என்று பெயர். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்டிருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ராஸ் என்பது ஒரே மீனின் பெயர் இல்லை, பெரிய குடும்பத்தின் பெயர். எல்லாப் பெரிய குடும்பத்திலும் இருப்பதுபோல இதிலும் எல்லா ரகமும் உண்டு. ஒன்று மற்ற மீன்களின் மேலிருக்கும் பூச்சியையும் அழுக்கையும் கொத்திச் சுத்தம் செய்து பிழைக்கும். ஒன்று தனக்கு முன்னால் தொட்டிக்கு வந்தவரையே விரட்டி விரட்டிக் கடிக்கும். ஒன்று பயந்தால் எம்பிக் குதித்து உங்கள் சோபாவில் வந்து விழும். ஒன்று மணலுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். லெப்பர்டு ராஸ் இந்தக் கடைசி இரண்டையும் செய்யும்.

அந்தக் காலத்தில் எனக்குக் கவுன்டர் வேலைதான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, தேனியில் சுருளிவேல் அண்ணாச்சியின் மீன் கடையில் மீன் தீவனத்தைப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். கடையில் உப்புத்தண்ணீர் தொட்டி வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டதால்தான் ஓடைப்பட்டி வேலை எனக்கு வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடியைக் கலந்து கடல் தண்ணீர் தயார் செய்தது நான். லைவ் ராக் என்கிற கடல் பாறைத் துண்டுகளை அடுக்கியது நான். முதலில் இரண்டு கோமாளி மீன்களை விட்டு, அவை தேறிய பிறகு செவ்வாய்க்கிழமை இந்த ராஸைக் கொண்டுபோய் விட்டதும் நான்.

விட்ட ஐந்தாவது நிமிடத்தில் மூலையில் மணலுக்குள் தலையைச் சொருகி, வாலை ஒரு ஆட்டு ஆட்டி, உள்ளே போய்விட்டது. தங்கமாயன் அண்ணன் அப்போது வாசலில் டைல்ஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்தபோது என் கையில் காலிக் கவர் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. குதிக்கிற மீன், மூடி வேண்டும் என்று நான் அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருந்தேன். “திறந்து கெடந்தாத்தேன் லுக்கு,” என்று அவர் கண்ணாடி மூடி கொடுக்கவில்லை. இதைச் சொன்னதும் தங்கமாயன் அண்ணன் தோட்டத்திலிருந்து திராட்சைக்கு மேல் குருவி இறங்காமல் விரிக்கிற நைலான் வலையை வெட்டிக் கொண்டுவந்து தொட்டியின் வாயில் இழுத்துக் கட்டிவிட்டார். இத்தனை அழகான தொட்டிக்கு இந்தக் கோலமா என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

“குருவி உள்ள வராததுக்கும் மீன் வெளிய போகாததுக்கும் ஒரே வலைதேன்,” என்றார்.

2. அண்ணாச்சி வைத்த கெடு

போனை வைப்பதற்குள் அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றுவிட்டார். தங்கமாயன் அண்ணன் எனக்குப் பேசும் முன்பே அவருக்கும் பேசியிருக்கிறார்.

“ஏம்மா, மீன விட்டியா, இல்ல வெறுங்கவர ஆட்டிட்டு வந்துட்டியான்னு கேக்குறாக.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “விட்டேன் அண்ணாச்சி. மணலுக்குள்ள இருக்கு. புது இடம், பயத்துல ஒரு வாரம் பத்து நாள்கூட வெளிய வராது. அதுவா வரும்.”

“அடுத்த வெள்ளிக்கிழமை வீடு குடிபோறாக. அத்தன சாதி சனமும் வரும். அன்னிக்கு அந்த மீனு கண்ணுல படணும். படலையா, நீ பேசாம கவுன்டருக்கு வந்து பழையபடி தீவனத்த மடக்கு. உப்புத்தண்ணி வேலைக்கு மதுரையில இருந்து நான் ஒரு ஆம்பளையாளக் கூட்டியாறேன்.”

எனக்கு அந்த வேலை வேண்டும். வெளிப்படையாகவே சொல்கிறேன், உயிர்போகிற மாதிரி வேண்டும். தீவனத்தை எடை போட்டு, கவரில் கொட்டி, மெழுகுவத்தியில் காட்டி ஒட்டுவதற்கா நான் மூன்று வருடம் டைட்ரேஷன் செய்து படித்தேன்? ஒரு தொட்டித் தண்ணீரைக் கடலாக மாற்றி, அதில் ஒரு உயிர் மூச்சு விடுவதைப் பார்த்த பிறகு மறுபடியும் மெழுகுவத்தி முன்னால் உட்கார என்னால் ஆகாது.

மீன் மணலுக்குள்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருடம் சரக்கு எடுக்க அண்ணாச்சியோடு மண்டபம் பக்கம் போயிருந்தேன். படகில் உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெளிவாக அடி தெரிந்தது. பவளப்பாறை ஓரத்தில் இந்த ராஸ் கூட்டம், ஒன்று பச்சை, ஒன்று வரி போட்டது, மணலைக் கொத்தித் துப்பிக்கொண்டு திரிந்தது. சந்தைக்கு வந்த பெண்கள் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போயின. எங்கள் படகின் நிழல் விழுந்ததுதான் தாமதம், நாலைந்து மீன் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் மறைந்துவிட்டது. அங்கே ஒரு குழிகூடத் தெரியவில்லை.

“செத்துப்போச்சா?” என்று அண்ணாச்சி பதறினார்.

“அது அதோட வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திருச்சு சார்,” என்று படகுக்காரர் சிரித்தார். “நம்ம போனாத்தான் தெறக்கும்.”

அதே அண்ணாச்சிதான் இப்போது எனக்குக் கெடு வைக்கிறார்.

3. மதினி சொன்னது

சனிக்கிழமை தேனியில் வேலையை முடித்துவிட்டு ஓடைப்பட்டி போய்ச் சேரும்போது மணி நான்கு. தங்கமாயன் அண்ணன் களைக்கொத்தோடு ஹாலில் நின்றுகொண்டிருந்தார். சின்னக் கொத்துதான், கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

“சுத்தமாக் கழுவிட்டேன்த்தா. மேலாப்புல ஒரு கொத்து. மீனுக்கு வலிக்காது.”

நான் தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். மணலைக் கிளறினால் மீன் அடிபடும், அடியில் அடைந்து கிடக்கிற கசடெல்லாம் மேலே வந்து தண்ணீர் கெட்டு, இருக்கிற கோமாளிகளும் சாகும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவருக்கு அது உறைக்கவில்லை. வாழ்க்கை பூராவும் மண்ணைக் கிளறியே சம்பாதித்த மனுஷரிடம் மண்ணைத் தொடாதே என்று சொன்னால் எப்படி உறைக்கும்? கடைசியில், “வெள்ளிக்கிழமை வரைக்கும் தொட்டிக்குள்ள கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்கண்ணே,” என்று கேட்டேன்.

“சரித்தா. கை வைக்கல. போதுமா?”

அவர் மனைவி பவுன்தாய் மதினி வெளியே புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவருக்கு டியூபில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு. நான் வண்டியை எடுக்கும்போது கூப்பிட்டார்.

“ஈஸ்வரி, எதுக்கு இம்புட்டுத் தேடுறீக? அது காலங்காத்தால நல்லா அங்கிட்டும் இங்கிட்டும் திரியுதே.”

“மதினி, அது கோமாளி. ஆரஞ்சுக் கலர்ல ரெண்டு திரியும்ல, அது. நாங்க தேடுறது வேற மீனு,” என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் போன் வரவே அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி, இருங்க என்று சைகை செய்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னை எவனும் மதிக்கவில்லை என்று ஓடைப்பட்டியிலிருந்து தேனி வரை வண்டியில் பொருமிக்கொண்டே போனவள் நான்.

4. நல்ல தண்ணி

திங்கட்கிழமை தண்ணீர் சோதிக்கப் போனேன். வாசலில் எட்டுப் பத்து ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே கூட்டம். நடுவில் வெள்ளை வேட்டியும் கழுத்தில் துண்டுமாக ஒரு பெரியவர், உள்ளங்கையில் குடுமியோடு ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தொட்டியை நோக்கி அடி மேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் போர் போடுவதென்றால் முதலில் நீரோட்டம் பார்ப்பார்கள். பார்க்கிறவர் கையில் தேங்காயோடு தோட்டத்தில் நடப்பார். நிலத்தடியில் தண்ணீர் இருக்கிற இடத்தில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வண்டியை வரச் சொல்வார்கள். தங்கமாயன் அண்ணனின் மூன்று போரையும் பார்த்துச் சொன்னவர் கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த இந்தப் பெரியவர்தான். மண்ணுக்குள் நூறு அடியில் ஓடுகிறதைக் கண்டுபிடிக்கிறவருக்கு நாலு அங்குல மணலில் கிடக்கிற மீன் எம்மாத்திரம் என்பது அண்ணனின் கணக்கு.

“அண்ணே, கை வைக்க மாட்டேன்னு சொன்னீகளே!”

“கையவா வச்சேன்? தேங்காதான வச்சிருக்கு.”

பெரியவர் தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. கூட்டம் ஆ என்றது. மூன்று அடி பின்னால் போனார், படுத்தது. முன்னால் வந்தார், எழுந்தது. தொட்டியைச் சுற்றி வந்தார். சுற்றி வந்த நேரம் பூராவும் தேங்காய் படுக்கவே இல்லை.

அவர் கண்ணை மூடித் திறந்து அறிவித்தார். “இங்கன தண்ணி இருக்கு.”

“தண்ணி இருக்குறது எனக்கே தெரியுதுல்லப்பா! மீனு எங்கன இருக்கு?”

“நல்ல ஓட்டம். வத்தாது,” என்றார் பெரியவர், அதைக் காதில் வாங்காமல். “தண்ணியும் நல்ல தண்ணி. குடிக்கத் தோதா இருக்கும்.”

இதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்பளவு காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு ஒரு சொட்டாகப் பார்த்துப் பார்த்து உப்பேற்றியவள் நான். “ஐயா, இது உப்புத் தண்ணி. கடல் தண்ணி அளவுக்கு உப்பு,” என்றேன்.

“தேங்கா பொய் சொல்லாது ஆத்தா.”

கூட்டத்தில் இரண்டு பேர் தேங்காய் பக்கம் பேசினார்கள். தங்கமாயன் அண்ணன் ஒரு கரண்டியை வாங்கி, வலையின் ஓரத்தைத் தூக்கி, ஒரு மொடக்கு மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த நொடி வாசலுக்கு ஓடினார். அவர் கொப்பளிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சன்னலுக்கு வெளியே டியூபைப் பிடித்துக்கொண்டு நின்ற பவுன்தாய் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

பெரியவர் அசரவில்லை. தேங்காயைப் பையில் வைத்துக்கொண்டு, “நான் தண்ணிக்குப் பாக்குறவன். தண்ணிக்குள்ள கெடக்குறதுக்கு எங்கிட்ட வித்தை இல்ல,” என்றார். பிறகு, மூலையில் சாத்தியிருந்த களைக்கொத்தைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு தங்கமாயா. இங்கன தோண்டிராத. தோண்டுனா சேதம் வரும். வரவேண்டியது தானா வரும்.”

வாயைத் துடைத்துக்கொண்டே வந்த தங்கமாயன் அண்ணன் அந்த நிமிடமே களைக்கொத்தை எடுத்து மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வேதியியல் காரணத்தோடு நான் சொன்னதும் அதே வார்த்தைதான். அதைத் தேங்காய் வைத்திருந்தவர் சொன்னதும் கேட்டுக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் கிளம்பும்போது பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டேன், மீனின் சார்பாக.

5. வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சிறுத்தை யார் கண்ணிலும் படவில்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நெட்டிலிருந்து எடுத்த லெப்பர்டு ராஸ் படம். கலரில் பிரின்ட் போட்டு, மீன் வடிவத்திலேயே கத்தரித்து, லேமினேட் பண்ணியிருந்தார்.

“காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பின்பக்கக் கண்ணாடியில ஒட்டிரு. தண்ணி ஆடுறதுல அசையுற மாதிரித்தேன் தெரியும்.”

“அண்ணாச்சி, அது ஏமாத்து வேலை.”

“மணலக் காட்டி மீனுங்குறது மட்டும் என்ன வேலை?”

படத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முகூர்த்தம் காலை ஐந்தரைக்கு மேல் ஆறுக்குள். கடை வேனில் நாங்கள் போய் இறங்கும்போது கருக்கல் விலகவில்லை. பந்தலில் ஜெகஜோதியாக விளக்கு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். பசுவும் கன்றும் தெருவில் பொட்டு வைத்து நின்றன. சனமெல்லாம் வாசலில் இருந்தது. அண்ணாச்சி காபிக்கு ஒதுங்கினார். “போ, சட்டுனு ஒட்டு,” என்று என்னைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டார்.

ஹாலில் பவுன்தாய் மதினி மட்டும் பட்டுச்சேலையோடு குனிந்து கடைசிக் கோலத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையில் படமும் ஒரு கையில் செல்லோடேப்புமாகத் தொட்டி முன்னால் நின்றேன். ஒட்டினால் வேலை தங்கும். ஒட்டினால் இனிமேல் என் வாயிலிருந்து வருகிற எதையும் நானே நம்ப முடியாது. டேப்பின் நுனியைப் பல்லால் கடித்தபோது, பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கு வந்தது. அப்புறம் புள்ளி. அப்புறம் முழுச் சிறுத்தை. ஒரு கண்ணை உருட்டி என்னைப் பார்த்துவிட்டு, பாறையில் எதையோ கொத்திக்கொண்டு முன்னால் நீந்தி வந்தது. கொழுகொழுவென்று இருந்தது.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

“வந்துருச்சா?” என்றார் மதினி, கோலத்திலிருந்து தலையைத் தூக்காமல். “இன்னிக்குச் செத்த லேட்டுதேன். தெனம் நான் சுவத்துக்குத் தண்ணி விட வந்து லைட்டப் போடுறப்பவே நிக்கும்.”

“மதினி! தெனமுமா? எப்பலேர்ந்து?”

“விட்ட மூணாம் நாளுலேர்ந்து. பெயின்டர் பயலுக வந்து ஏணிய உருட்டவும் மண்ணுக்குள்ள போயிரும்.”

“ஏன் மதினி யார்கிட்டயும் சொல்லல?”

அவர் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார். “ஏன் சொல்லல? உங்கண்ணங்கிட்டச் சொன்னேன். ‘நீ சுவத்துக்குத் தண்ணிய ஊத்து’ன்னாக. உங்கிட்டச் சொன்னேன். ‘அது கோமாளி’ன்னுட்ட. படிச்சவுகளே சொல்றாகளேன்னு விட்டுட்டேன். அப்புறம் தேங்காக்காரரு வந்தாரா, எனக்கும் நல்லாப் பொழுது போச்சு. எதுக்குக் கெடுப்பானேன்னு பேசாம இருந்துட்டேன்.”

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பெண் என்று என்னை ஓரம்கட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் புலம்பியவள், இன்னொரு பெண் கண்ணால் கண்டதைச் சொன்னபோது கையைக் காட்டி வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு எம்மேலதேன் மதினி,” என்றேன். “விடு விடு, கோலத்த மிதிக்காத,” என்றார் அவர்.

அதற்குள் சனம் உள்ளே வந்துவிட்டது. முன்னால் வந்த அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் காதோரம் குனிந்து, “ஒட்டுனது அம்சமா இருக்கும்மா. நெசம் மாதிரியே இருக்கு,” என்றார்.

அப்போது அந்த நெசம் ஒரு திரும்புத் திரும்பி அவரைப் பார்த்து நீந்தி வந்தது. அண்ணாச்சி ஒரு அடி பின்னால் போய்க் குத்துவிளக்கில் மோதப் பார்த்தார். நான் லேமினேட் படத்தை அவர் சட்டைப் பையில் சொருகினேன்.

அதற்குப் பின்னால் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பசு ஹாலுக்குள் வந்தது. தொட்டியின் விளிம்பில் எப்போதும் கொஞ்சம் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருக்கும். பசுவுக்கு உப்பு வாசம் தெரிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு நேராகப் போய், வலையோடு சேர்த்து விளிம்பைப் பெரிய நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தது. சிறுத்தை அரண்டு எம்பியது. விட்டத்துக்கே போகிற வேகம். குருவி வலையில் போய் அடித்து, துள்ளி, தண்ணீரில் விழுந்து, தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து மறைந்தது. வலை மட்டும் இல்லையென்றால் பசுவின் காலடியில்தான் விழுந்திருக்கும்.

“பாத்தியாத்தா எங்குருவி வலைய?” என்று தங்கமாயன் அண்ணன் கூட்டத்துக்கு மேலே கத்தினார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

மீன் அன்றைக்கு மறுபடி வெளியே வரவில்லை. இதனால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் பார்த்தோம் என்றார்கள். எட்டு மணிக்குமேல் சாப்பாட்டுக்கு வந்தவர்கள், வெறும் மணல்தான் இருக்கிறது, கதை விடுகிறார்கள் என்றார்கள். தங்கமாயன் அண்ணனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேண்டியதில்லை. பந்தியில் நின்று, தாமதமாக வந்த ஒவ்வொரு பங்காளியிடமும், “நேரத்துக்கு வந்திருந்தா பாத்திருக்கலாம்ல?” என்று கேட்டுக் கேட்டு வறுத்தெடுத்தார்.

வேனில் திரும்பும்போது சின்னமனூர் தாண்டியதும் அண்ணாச்சி, “போடியில ஒரு ஏலக்கா வியாபாரி கடல் தொட்டி கேக்குறாரு. திங்கக்கெழம நீயே போயிப் பாத்துட்டு வா,” என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அவ்வளவுதான்.

6. சர்வீஸ் கார்டில் ஒரு கட்டம்

பிறகு யோசித்ததில் விஷயம் விளங்கியது. அந்த மீன் பிடிபட்டது தூரக் கிழக்கே உள்ள கடலில். அங்கே நமக்குச் சில மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடும். ஊர் மாறினாலும் இந்த வகை ராஸ் கொஞ்ச நாள் பழைய ஊர் நேரத்துக்குத்தான் எழும், படுக்கும். நமக்கு மத்தியானம் அதற்கு அந்திப் பொழுது. அண்ணன் தொட்டிப் பக்கம் வருவது மத்தியானத்துக்கு மேல்தான். நான் போனதும் அதே நேரம். அது படுத்துத் தூங்கிய பிறகு போய், எங்கே எங்கே என்று ஆளாளுக்குத் தேடியிருக்கிறோம்.

அது நான்கு வருடம் உயிரோடு இருந்தது. இரண்டாவது வருடத்தில் ஒருநாள் காலை பவுன்தாய் மதினி எனக்கு நேரடியாகவே போன் செய்தார். “ஈஸ்வரி, நம்ம சிறுத்த நெறம் மாறுது. பொட்டெல்லாம் பச்சையா ஓடுது. உங்கண்ணன் கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தக் கரைச்சு ஊத்தலாமாங்குறாக.”

“சீக்குதேன், தூக்கி வேற தொட்டியில போடு,” என்றார் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்ட அண்ணாச்சி.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “மொதல்ல அந்த மயில்துத்தத்த ஒளிச்சு வைங்க மதினி. இப்பச் சொல்லுங்க. நல்லாத் திங்குதா?”

“முன்னைக்கு ரெண்டு மடங்கு திங்குது.”

“நடமாட்டம் எப்படி?”

“முன்ன பயந்து பயந்து ஓரமாப் போகும். இப்ப நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுது. கோமாளிகள வெரட்டுது. என்னமோ தொட்டியே அதுதேன் கட்டுனது மாதிரி. அப்படியே உங்கண்ணந்தேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. ராஸ் குடும்பத்தில் இது வழக்கம். பெண்ணாக வளர்ந்து, தோதான சமயத்தில் ஆணாக மாறிவிடும். நிறமும் அதோடு மாறும். சீக்கும் இல்லை, மருந்தும் வேண்டாம் என்றேன். எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல், மீனைப் போய்ப் பார்க்காமல், மதினியின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துச் சொன்னேன். சரியாகவே இருந்தது.

இன்றைக்கு என்னோடு மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சர்வீஸ் கார்டு உண்டு. உப்பு, சூடு, பிஹெச், நைட்ரேட் என்று கட்டம் போட்டிருக்கும். இதற்கெல்லாம் மேலே நான் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் பெயர். டெஸ்ட் கிட்டைப் பையிலிருந்து எடுக்கும் முன்னால் அவரைத் தேடிப் போய், அவர் பேசி முடிக்கும் வரை கேட்க வேண்டும். நடுவில் போன் வந்தால் எடுக்கக் கூடாது.

ஓடைப்பட்டிக் கார்டில் அந்தக் கட்டத்தில் பவுன்தாய் என்று எழுதியிருக்கிறது. போன வாரம் அந்த வீட்டுக்குப் போய்வந்த எங்கள் ஆள் ஒருவர் திரும்பி வந்து, “அந்தம்மா என்னமோ சொன்னாக, அது சும்மா,” என்றார். வண்டிச் சாவியைக் கையில் கொடுத்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு வா என்று ஓடைப்பட்டிக்கே திருப்பி அனுப்பினேன்.